'வானொலி புகழ்': நாஞ்சில் நாட்டுக் கொடை நோட்டீசில் ஓர் அடைமொழி

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் விழாவான கொடைக்கு அடிக்கும் நோட்டீஸ்களில், பெரும்பாலானவற்றில், வில்லிசை என்னும் வில்லுப்பாட்டுக்கு நேரே கதையின் பெயர் இருக்காது. குழுவின் தலைமைப் பாடகரான புலவரின் பெயர் இருக்கும். இந்தச் சிறு செய்தியை எப்படி வாசிப்பது என்பதில்தான் முந்தைய ஆய்வுப் போக்கு ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. அப்போக்கின்படி கதை ஊராருக்குத் தெரிந்தது, ஆகவே அச்சிடத் தேவையில்லை. தெரிந்த கதையைத் தெரிந்தபடி கேட்பதே சடங்கு. புதிய குரலையும் புதிய மெட்டையும் தேடிப் போய்க் கேட்பது வானொலியும் ஒலிநாடாவும் இணையமும் பின்னர் கொண்டுவந்த பழக்கம். கதை தெரிந்தது என்பதை மறுக்க முடியாது. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். முத்தாரம்மன் கதையோ தோட்டுக்காரி அம்மன் கதையோ எப்படி முடியும் என்று அறிந்தவருக்குக் கதையைப் பற்றிய கவலை இல்லை. அவர் காது முழுக்கப் பாட்டின்மேல் இருக்கிறது.

நோட்டீசையே எடுத்துக்கொள்வோம். தலைப்பில் 'அம்மன் துணை'. அடுத்து தமிழ் ஆண்டும் ஆங்கிலத் தேதியும். சிலவற்றில் கொல்லம் ஆண்டும் உண்டு, திருவிதாங்கூர்க் காலத்தின் மிச்சம். அதன் கீழே நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல்: கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, அன்னதானம். இவற்றுக்கு நடுவே வில்லிசைக்கான வரி. அந்த வரியில் ஊர்ப் பெயர், ஓர் அடைமொழி, புலவர் பெயர், 'குழுவினர்' என்ற சொல். அடைமொழி பல காலமாக 'வானொலி புகழ்', பிறகு 'டி.வி. புகழ்' என்றும் வந்தது.

முந்தைய ஆய்வு தன் வாதத்தை இந்த அடைமொழியின் மேல்தான் கட்டியிருக்கிறது. புகழ் வானொலியிலிருந்து வருகிறது, கோயில் அதை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஊருக்குப் புதிய பாடகரை அறிமுகப்படுத்தியது வானொலி என்கிறது. காலவரிசையும் இதற்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானொலி 1943-இல் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது. 1984 அக்டோபர் 30 அன்று நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலிலேயே தொடங்கியது.

ஆனால் நோட்டீஸ் யாருக்கு அடிக்கப்படுகிறது? வரிக்காரர்களுக்கு. கொடைச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறார்கள். வரி கொடுத்த வீட்டுக்கும், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகிறது. அது கைக்கு வரும்போது புலவருக்கு அச்சாரம் கொடுத்தாகிவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. அப்படியானால் 'வானொலி புகழ்' என்பது விழாக் குழு அந்தப் புலவரைக் கண்டுபிடித்த வழியைச் சொல்லவில்லை. உங்கள் வரிப்பணத்துக்கு நல்ல ஆளைத்தான் அழைத்திருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லும் சமாதானம் அது. தேர்வுக்குப் பின் எழுதிய நியாயத்தைத் தேர்வுக்கான காரணமாக எடுத்துக்கொண்டதுதான் முந்தைய வாசிப்பின் பிழை.

எல்லாப் புலவர்களுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. வானொலியில் குரல் கேட்டுத் தேடிப்போன விழாக் குழுக்களும் இருந்திருக்கும். என்றாலும் வானொலி தரும் சிறு நேரத்தை வைத்து, சாமம் தாண்டிப் பாட வேண்டிய ஒருவரை எடைபோட முடியுமா? காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் கடந்துதான் கதைக்கு வர வேண்டும். வாழி பாடி முடிக்கும்வரை குரல் நிற்க வேண்டும். இதில் நாட்டு வளம் என்ற பகுதியைத் தனியே கவனிக்கச் சொல்வேன். கதை இன்னும் தொடங்கவில்லை. புலவர் தான் வந்திருக்கும் ஊரின் குளத்தையும் வயலையும் தெருவையும் பாட்டுக்குள் கொண்டுவருகிறார். வீசுகோல் நாணில் விழ, வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன. குடத்தின் வாயில் அதைத் தட்டும் பத்தி விழும் ஓசை அடியில் நிற்கிறது. இடத்தே பாடுபவர், அதாவது துணைப்பாடகர், 'ஆமாம்' போட்டு அடியை வாங்கித் திருப்பித் தருகிறார். பக்கத்து ஊரிலிருந்து வந்து கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் புலவரை எடைபோடுவது இங்கேதான். சொந்த ஊரின் பெயரைக் கேட்கும் மகிழ்ச்சி அவருக்கு இல்லை. பாட்டு எப்படி இருக்கிறது என்பது மட்டுமே அவருக்கு. அடுத்த ஆண்டு தன் ஊர்க் கூட்டத்தில் 'அவரைக் கூப்பிடுவோம்' என்று வாய் திறப்பவரும் அவர்தான்.

கொடைகள் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வருவதில்லை. பங்குனி, சித்திரை, ஆடி என்று மாதம் மாறும், கிழமை மாறும். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊர்க் கொடைக்கு வருகிறாள். பெண் கொடுத்த வீட்டார் சம்பந்தி ஊர்க் கொடைக்குப் போகிறார்கள். இப்படி ஒரு பருவத்தில் ஒருவர் நாலைந்து புலவர்களைக் கேட்டுவிட முடியும். போகாதவருக்கும் வழி இருந்தது. தென்னையில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து வயல்வெளி கடந்து பாட்டு வரும். யார் பாடுகிறார் என்று தெரியாமல் இரவில் கேட்டு, காலையில் விசாரிப்பார்கள். நேரில் பார்க்காத பாடகரைக் குரலால் மட்டும் தெரிந்துகொள்ளும் பழக்கத்துக்கு இணையம் வரும்வரை நாஞ்சில் நாடு காத்திருக்கவில்லை.

அருள் வரவழைக்கவே பாட்டு, அங்கே ரசனைக்கு இடமில்லை என்பார்கள். சாமியாடிக்கு எந்த அடியில் வேகம் கூட்ட வேண்டும், எங்கே குடத்தை நிறுத்தி உடுக்கை மட்டும் பேசவிட வேண்டும் என்று அறியாத புலவரை எந்த ஊரும் மறுமுறை அழைப்பதில்லை. இந்த மறுப்புக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை. தொகைதான் புலவரைத் தீர்மானிக்கிறது என்ற வாதமும் அப்படித்தான். யாரை அழைக்க முடியும் என்பதைத் தொகை முடிவுசெய்யலாம். யாரைக் கேட்க ஆசை என்பதை அது முடிவுசெய்வதில்லை.

கொடைப் பாட்டில் சினிமா மெட்டு நுழைந்துவிட்டது என்ற குறையைச் சற்று நின்று பார்க்கலாம். வில்லுப்பாட்டில் புதுமை என்றாலே ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன், கொத்தமங்கலம் சுப்பு, சுப்பு ஆறுமுகம் என்று மேடைக்குப் போனவர்களைத்தான் ஆய்வு சுட்டுகிறது. அவர்கள் செய்தது பெரிய காரியம். காந்தியின் கதை வில்லுக்கு வந்தது அந்த வழியில்தான். அங்கே வடிவம் பழையது, கதை புதியது. கோயில் முன்றிலில் கதை பழையது. அதற்குள் ஏறும் மெட்டு புதியது. முத்துப்பட்டன் கதையின் ஓர் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டைப் புலவர் எடுக்கும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. அதைச் சீரழிவு என்று ஒரு சொல்லில் தள்ளுகிறவர்கள் அந்த நிமிர்வைக் கண்டிருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்று கொடை வில்லிசை மணிக்கணக்கில் யூடியூபில் கிடைக்கிறது. அண்மைக்கால நோட்டீஸ்கள் சிலவற்றில் நேரலை செய்யும் சானலின் பெயரும் அச்சாகிறது. வளைகுடாவில் வேலை செய்பவர் ஊர்க் கொடையை அங்கிருந்தே கேட்கிறார். பிடித்த பகுதியை வாட்ஸ்அப்பில் உறவுகளுக்கு அனுப்புகிறார். பெண் புலவர்கள் தலைமையேற்ற குழுக்களின் பாட்டு மாவட்டம் கடந்து போகிறது. இதைப் புதிய கேட்போர் சமூகத்தின் பிறப்பு என்று எழுதுகிறார்கள். கூம்புக் குழாய் எட்டிய தூரம் நீண்டிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர் இப்போது துபாயில் இருக்கிறார். 'அவரைக் கூப்பிடுவோம்' என்ற சொல் இப்போதும் ஊர்க் கூட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறது, அச்சாரமும் அங்கிருந்துதான் போகிறது. மாறியிருப்பது ஒன்று உண்டு: முழு இரவு துண்டாகிறது. நாட்டு வளத்தை நறுக்கிவிட்டுக் கதையின் உச்சத்தை மட்டும் பகிர்பவர், புலவரை எடைபோடும் இடத்தையே இழக்கிறார். இணையம் பற்றிய கவலை இந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த வாதத்தை வலுப்படுத்தவோ வீழ்த்தவோ தேவையான சான்று, கொடை முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகும் அந்தத் தாள்தான். எந்தப் புலவர் எந்த ஆண்டு எந்த ஊரில் பாடினார், அடுத்த ஆண்டு எந்த ஊருக்குப் போனார் என்பதை வரிசைப்படுத்த வேறு ஆவணம் கிடையாது. வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பஞ்சாங்கத்துக்குள்ளோ பழைய கொடை நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டாம். இரண்டு பக்கமும் படமெடுத்து, ஆண்டு அச்சாகாமல் இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறம் குறித்து வையுங்கள்.