பெண் குழந்தைகளின் பருவமடைதல்: காலமும் நிலைகளும்

முதல் மாதவிடாய் வந்த நாளையே பெண் குழந்தை பருவமடைந்த நாளாக நம் இல்லங்களில் கருதுகிறோம். மஞ்சள் நீராட்டும் அதனையொட்டியே நடைபெறுகிறது. ஆனால் உடலில் பருவமாற்றம் அதற்குச் சுமார் 2 முதல் 2½ ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. எனவே நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் பெரும்பாலும் மார்பக வளர்ச்சியே ஆகும்.

எப்போது தொடங்கும்?

பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கின்றன; மாற்றங்கள் தொடங்குகின்றன.

நிலைகள்

மருத்துவர்கள் இவ்வளர்ச்சியை 5 நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலை குழந்தைப் பருவம். இரண்டாம் நிலையில் மார்புக்காம்பின் அடியில் மொட்டுப் போன்ற சிறு தடிப்பு தோன்றும். அது ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் வரலாம், தொட்டால் வலிக்கலாம். இதனைக் கட்டி என்றெண்ணி அஞ்சும் பெற்றோர் பலர். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மொட்டை அறுத்து அகற்றினால் அப்பக்க மார்பகம் பின்னர் வளராது.

மூன்றாம் நிலையில் உயரம் விரைந்து கூடும். உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவில் வளர்வதுண்டு. முதல் மாதவிடாய் பெரும்பாலும் நான்காம் நிலையில் வரும். அதன் பின்னர் வளர்ச்சி மெதுவாகும். பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரையே உயரம் கூடும். ஐந்தாம் நிலை முழு வளர்ச்சி.

முதல் இரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பு. 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ மருத்துவரை அணுகி, இரத்தசோகை உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

8 வயதுக்கு முன் மார்பக வளர்ச்சி தென்பட்டால். 13 வயதாகியும் அது தொடங்காவிட்டால். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால். மாதந்தோறும் அடிவயிற்றில் வலி வந்தும் இரத்தப்போக்கு இல்லையெனில், பிறப்புறுப்பு வாயில் சவ்வு அடைத்திருக்கக்கூடும். எளிய அறுவை சிகிச்சையால் அதனைச் சரிசெய்யலாம்.

மிக முன்னதாகப் பருவமாற்றம் தொடங்கிய சிறுமி முதலில் தன் வயதினரைவிட உயரமாகத் தோன்றுவாள். எனினும் எலும்புகளின் வளர்ச்சி விரைவில் முடிந்துவிடுவதால் இறுதியில் குள்ளமாகிவிடலாம். இதனைத் தாமதப்படுத்த ஊசி மருந்துகள் உள்ளன. அவை தேவையா என்பதைக் கை எலும்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். முதல் மாதவிடாய்க்குப் பின் சென்றால் உயரத்தைக் காக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.