மெட்டாலிக்காவின் இசைப்பாணி மாற்றங்கள்

மெட்டாலிக்கா ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழு ஆகும். இது 1981ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், பாடகரும் கித்தார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ஆகியோரால் தொடங்கப்பட்டது. திராஷ் மெட்டல் என்னும் அதிவேக இசைவகையை உருவாக்கியவர்களுள் ஒன்றாகக் கருதப்படும் இக்குழு, பின்னர் அவ்வகையை விட்டு விலகியது. பல ஆண்டுகள் கழித்து ஓரளவு திரும்பியும் வந்தது. இக்குழுவின் ஒவ்வோர் இசைத்தொகுப்பும் அதற்கு முந்தைய தொகுப்புக்குச் சொன்ன மறுமொழி போலவே அமைந்துள்ளது.

திராஷ் மெட்டல் காலம் (1983–1988)

முதல் தொகுப்பான "கில் எம் ஆல்" (1983), பிரித்தானிய ஹெவி மெட்டல் குழுக்களின் கித்தார் அமைப்பையும் பங்க் இசையின் வேகத்தையும் இணைத்தது. உள்ளங்கையால் தந்திகளை அழுத்தி ஒலியைத் தடுத்துக்கொண்டே, மேலிருந்து கீழாக மட்டும் விரைவாக மீட்டும் ஹெட்ஃபீல்டின் முறை இக்குழுவின் அடையாளமாயிற்று.

அடுத்த வளர்ச்சியில் பேஸ் கித்தார் கலைஞர் கிளிஃப் பர்ட்டனின் பங்கு பெரிது. இசைக் கோட்பாடு கற்றிருந்த அவரிடமிருந்தே மற்றவர்கள் ஒத்திசைவு பற்றி அறிந்துகொண்டனர். அதன் விளைவை "ரைடு த லைட்னிங்" (1984) தொகுப்பில் கேட்கலாம். அதன் முதற்பாடல் மென்மையான கித்தார் முன்னிசையுடன் தொடங்கிச் சட்டென்று வேகமெடுக்கிறது. "ஃபேடு டு பிளாக்" என்ற மெதுவான பாடலுக்காக அப்போதே சில இரசிகர்கள் குழுவைக் குறை கூறினர். "மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்" (1986) வேகத்தையும் நுணுக்கத்தையும் சமநிலைப்படுத்தியது. எட்டரை நிமிட நீளமுள்ள அதன் தலைப்புப் பாடலின் நடுவே வரும் அமைதியான பகுதி, வெறும் இரைச்சல் என்று இவ்விசையை ஒதுக்குபவர்கள் கேட்க வேண்டிய ஒன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் மெட்டல் இசைத்தொகுப்பும் இதுவே.

1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் குழுவினர் சென்ற பேருந்து கவிழ்ந்ததில் பர்ட்டன் தமது 24ஆவது வயதில் உயிரிழந்தார். அவருக்குப் பதிலாக ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்தார். "...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்" (1988) தொகுப்பில் பாடல்கள் மேலும் நீண்டு, தாளக்கட்டுகள் அடிக்கடி மாறின. ஆனால் ஒலிக்கலவையில் நியூஸ்டெட்டின் பேஸ் கித்தார் ஏறத்தாழ கேட்காத அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. புதியவர் வாசித்திருந்தும், பர்ட்டனின் இடம் காலியாகவே இருப்பது போன்ற வறண்ட ஒலி இத்தொகுப்புக்கு அமைந்துவிட்டது.

எளிமையை நோக்கி (1991–1997)

ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் பாடல்களை மேடைதோறும் வாசிப்பது குழுவினருக்கே சலிப்பூட்டியது. பாப் ராக் தயாரித்த "மெட்டாலிக்கா" (1991) தொகுப்பில் எந்தப் பாடலும் ஏழு நிமிடத்தை எட்டவில்லை. வேகம் குறைந்தது, ஒரு பாடலுக்கு ஒன்றிரண்டு கித்தார் வரிகளே போதும் என்றாயிற்று, பேஸ் கித்தார் தெளிவாக ஒலித்தது. "நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்" பாடலில் மைக்கேல் கேமன் அமைத்த சேர்ந்திசையும் இடம்பெற்றது. அட்டையின் நிறத்தால் கறுப்பு ஆல்பம் எனப்படும் இது, ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கும் கூடுதலான படிகள் விற்றது. விற்பனைக்காகக் குழு தன்னை மாற்றிக்கொண்டது என்ற குற்றச்சாட்டும் இங்கிருந்தே வலுப்பெற்றது. எனினும், எளிமையாக எழுதுவது எளிதன்று. இத்தொகுப்பின் பதிவுக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன.

"லோடு" (1996), "ரீலோடு" (1997) ஆகியவை புளூஸ், கன்ட்ரி இசைகளின் பக்கம் சாய்ந்தன. குழுவினர் தலைமுடியை வெட்டிக்கொண்டது பாடல்களுக்கு இணையாக விவாதிக்கப்பட்டது என்பது வேடிக்கை.

செயின்ட் ஆங்கரும் பின்னரும்

2001இல் நியூஸ்டெட் விலகினார். ஹெட்ஃபீல்டு குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். குழு கலைந்துவிடும் நிலையில் உருவான "செயின்ட் ஆங்கர்" (2003) தொகுப்பில் கித்தார் தனிவாசிப்பு ஒன்றுகூட இல்லை. ஸ்னேர் டிரம்மின் அடியிலுள்ள கம்பிகளைத் தளர்த்தி வாசித்ததால், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. இன்றும் பெரிதும் கேலி செய்யப்படும் ஓசை இது. ஆனால் அத்தொகுப்பின் சினத்துக்கு அது பொருந்தாமல் இல்லை.

ரிக் ரூபின் தயாரித்த "டெத் மேக்னடிக்" (2008) தனிவாசிப்புகளையும் நீண்ட பாடல்களையும் மீட்டுக் கொண்டுவந்தது. ஒலியளவை மிகையாக உயர்த்தியதால் ஒலி சிதைந்திருப்பதாக இரசிகர்கள் குறை கூறினர். "கித்தார் ஹீரோ" விளையாட்டில் வெளியான அதே பாடல்கள் தெளிவாக ஒலித்தது அவர்களுக்குச் சான்றாயிற்று. "ஹார்டுவயர்டு... டு செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்" (2016), "72 சீசன்ஸ்" (2023) ஆகியவற்றில் தொடக்கக்கால வேகமும் கறுப்பு ஆல்பத்தின் கனமும் கலந்துள்ளன. பின்னதன் இறுதிப் பாடலான "இனமொராட்டா" 11 நிமிடங்களைக் கடக்கிறது. குழுவின் தொகுப்புகளில் மிக நீண்ட பாடல் இதுவே. அதன் நடுவே கித்தார்கள் ஓய, 2003இல் குழுவில் இணைந்த ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் கித்தார் முன்னே வந்து ஒலிக்கிறது.