கட்டைவிரலின் ஞாபகம்: பாஞ்சோ கற்பித்தலும் பெயர் அழிப்பும்

ஒரு வாத்தியத்தை 'யார் கண்டுபிடித்தது' என்று கேட்கிற வரலாறு, 'யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாங்க' என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்கு ஒரு பேர் போதும். இரண்டாவதைக் கேட்டால் பண்ணை, அடிமைக் குடிசை, சவுக்கு எல்லாமே வெளியே வந்துவிடும். அமெரிக்க பாஞ்சோ இதற்கு நல்ல சாட்சி. (கட்டைகளை அழுத்தி வாசிக்கிற நம்மூர் புல்புல்தாராவையும் சிலர் பாஞ்சோ என்பதுண்டு. அது வேறு. இது தோல் போர்த்திய வட்டமும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியம்.)

புளூகிராஸ் பாஞ்சோ படிக்க வருகிறவர் முதலில் பழகுவது பாட்டு இல்லை, 'ரோல்'. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் மாறிமாறி ஒரு சுற்றுக்கு எட்டு ஸ்வரம் மீட்ட வேண்டும். முன்னோக்கு ரோலில் அந்த எட்டு, மூணு மூணு ரெண்டு என்று பிரிந்து விழும். தாளம் நாலில் நிற்க, விரல் மூன்றில் ஓடும். இந்த இழுபறியில்தான் புளூகிராஸின் வேகம் இருக்கிறது. ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் பாதி வழியில், ஐந்தாம் மெட்டருகே தொடங்கும். கட்டைவிரல் அதைத் தொட்டுத்தொட்டுச் சுருதிபோல ஒலிக்கவிடும்.

அந்தக் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் வர்ஜீனியாவின் ஜோயல் வாக்கர் ஸ்வீனி (1810-1860) என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். முகத்தில் கரி பூசி மேடையேறிய வெள்ளைக் கலைஞர் அவர். ஆனால் 1785-1790 வாக்கில் தென் கரோலினாவில் வரையப்பட்ட 'பழைய பண்ணை' ஓவியத்தில், அடிமை ஒருவர் கையிலிருக்கும் சுரைக்குடுவை பாஞ்சோவிலேயே குட்டைத் தந்தி இருக்கிறது. ஸ்வீனி அப்போது பிறக்கவே இல்லை. அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சன்கூட, இவ்வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது என்று 1780களிலேயே எழுதிவிட்டார். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொண்டிங்கிலும் சுரைக்குடுவை, தோல், கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி. தரவு இல்லாமல் போகவில்லை. அதைப் படிக்கத்தான் மனசு இல்லை.

1843இல் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு நியூயார்க்கில் மேடையேறியது. 1855இல் தாமஸ் பிரிக்ஸ் பெயரில் முதல் பாஞ்சோ பாடநூல் அச்சானது. அது கற்பிப்பது நகத்தால் கீழ்நோக்கித் தட்டிக் கட்டைவிரலால் முடிக்கும் அடி. ஜோலா வாசிப்பாளர் கையில் இன்றும் பார்க்கக்கூடிய அதே அசைவு. கவனிக்க வேண்டியது இதைத்தான்: யார் கையிலிருந்து அந்த அடி வந்ததோ, அவர்கள் பாடநூலில் ஆசிரியர்களாக இல்லை, பாடப்பொருளாகிவிட்டார்கள். அறிவு அச்சுக்குள் வருகிறது. அறிந்தவர் வெளியே நிற்கிறார்.

1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். புளூகிராஸ் பாஞ்சோ அங்கே தொடங்குகிறது என்பார்கள். பத்து வயதில் தனியாக உட்கார்ந்து வாசிக்கையில் மூன்று விரல் தானாக ஓடத் தொடங்கியது என்று ஸ்க்ரக்ஸே சொன்ன கதை பிரசித்தம். பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில் ஸ்மித் ஹாமெட், ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் ஏற்கெனவே மூன்று விரலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறைக்கு முன்னால் 19ஆம் நூற்றாண்டு வரவேற்பறைகளின் கிடார் பாணி மீட்டலும் உண்டு. ஆகவே எல்லாம் நேரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சாதிப்பதும் இன்னொரு மூலக்கதையாகவே முடியும். வரலாறு ஒற்றை ஊற்று இல்லை. பல கை மாறிய சரக்கு. மன்றோ ஒரு விஷயத்தில் நேர்மையானவர். கென்டக்கியின் கறுப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடம் கற்றதைக் கடைசிவரை சொல்லிவந்தார். ஷுல்ட்ஸ் வாசிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. மாணவர் வாயில் மட்டும் பிழைத்திருக்கும் ஆசிரியர் அவர்.

1968இல் ஸ்க்ரக்ஸின் பாடநூல் வந்தது. ஐந்து கோடு, மெட்டுக்கு எண், விரலுக்கு எழுத்து. அதற்கு முன்பும் பின்பும் இளைஞர்கள் இசைத்தட்டை 16 சுற்றுக்கு இறக்கி, பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்டுக்கேட்டுப் பழகினார்கள். இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆசிரியர் கிடைக்காத ஊரிலும் வித்தை போய்ச் சேர்ந்தது. ஆனால் எந்த விரல், எந்தத் தந்தி என்று சொல்கிற குறியீடு, அந்த விரல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்வதில்லை. 'அது இசையின் வேலையா?' என்று கேட்கலாம். இல்லைதான், கற்பிப்பவரின் வேலை.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோக் கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ், டோம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும், மெபேன் ஊரில் எண்பத்தைந்து தாண்டிய பிடில் கலைஞர் ஜோ தாம்சன் வீட்டுக்குப் போய்ப்போய்க் கற்றார்கள். அது புளூகிராஸ் இல்லை, அதற்கும் மூத்த தந்திக் குழு மரபு. ஏடு கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். பிறகு கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்று மேடையேறியபோது, யாரிடம் கற்றோம் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள்.

ரோல் பழகும் கட்டைவிரல் தினமும் அந்தக் குட்டைத் தந்தியைத் தொடுகிறது. விரலுக்கு அது பழக்கமாகிவிடும். யாருடைய தந்தி என்பதை வாத்தியார்தான் வாய்திறந்து சொல்லவேண்டும்.