மயக்க மருத்துவத்தின் இலக்குகள் உருவான வரலாறு

அறுவை சிகிச்சைக்கு உட்படும் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதன் நோக்கம் அவரை வலி தெரியாமல் உறங்கவைப்பதே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இன்றைய மயக்கவியல் துறையின் இலக்குகள் பல: நினைவை மறையச் செய்தல், வலி உணர்வு மூளையை எட்டாமல் தடுத்தல், அறுவைக்கு இடையூறாக இறுகும் தசைகளைத் தளர்த்துதல், கத்தி படும்போது உடல் தானாகக் காட்டும் எதிர்வினைகளை அடக்குதல், இவ்வளவும் நடக்கும் வேளையில் மூச்சும் இரத்த ஓட்டமும் நிலைகுலையாமல் காத்தல், முடிவில் நோயாளியைத் தெளிந்த நினைவோடு மீட்டெடுத்தல். இவை ஒருசேரப் பிறந்த இலக்குகள் அல்ல. ஒன்று கைகூடியபோது அதன் குறை வெளிப்பட்டது. அந்தக் குறையிலிருந்து, பல வேளைகளில் நோயாளிகளின் மரணத்தின் வழியாக, அடுத்தது கற்றுக்கொள்ளப்பட்டது.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை மருத்துவரின் முதன்மையான திறமை வேகமே. நோயாளியைப் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, காலை அகற்றும் வேலையை ஓரிரு நிமிடங்களில் முடிப்பவரே சிறந்த மருத்துவர் எனப் பெயர் பெற்றார். அபினும் மதுவும் வலியை ஓரளவு மழுங்கச் செய்தனவே தவிர நீக்கவில்லை. ஜப்பானில் ஹனயோகா செய்ஷு என்ற மருத்துவர் மூலிகைக் கலவை ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, 1804-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தார். ஆனால் அந்நாடு வெளியுலகத் தொடர்பை இறுக்கிக் கட்டுப்படுத்தியிருந்ததால் அவருடைய முறை பிற நாடுகளை எட்டவில்லை. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1811-இல் பாரிஸில் எவ்வித மயக்கமும் இன்றி அதே நோய்க்காக மார்பக அறுவைக்கு உட்பட்டு, அந்த வேதனையைப் பின்னர் தம் சகோதரிக்கு விரிவான கடிதமாக எழுதினார். வயிற்றையோ மார்புக் கூட்டையோ திறந்து நிதானமாகச் செய்ய வேண்டிய அறுவைகள் அக்காலத்தில் பெரும்பாலும் எண்ணிப் பார்க்க முடியாதவையாகவே இருந்தன.

இந்த நிலையை மாற்றிய நிகழ்வு 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்தது. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை நோயாளியைச் சுவாசிக்கச் செய்ய, ஜான் காலின்ஸ் வாரன் என்ற மூத்த மருத்துவர் அவருடைய கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபோர்ட் லாங் 1842-இலேயே ஈதரைப் பயன்படுத்தியிருந்தும் அதை 1849 வரை அச்சில் வெளியிடாததால், உலகம் அறிந்துகொண்டது பாஸ்டன் செய்தியைத்தான். அது டிசம்பருக்குள் லண்டனையும், 1847 மார்ச்சுக்குள் கல்கத்தாவையும் எட்டியது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், ஈதரைவிட விரைவாக வேலை செய்வதும் கையாள எளியதுமான குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். நோயாளியை உணர்விழக்கச் செய்தல் என்ற முதல் இலக்கு இவ்வாறு ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் கைகூடியது.

குளோரோஃபார்ம் அறிமுகமாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காக அந்த மருந்தைச் சுவாசித்து, சில நிமிடங்களுக்குள் இறந்தாள். கைக்குட்டையில் ஊற்றப்பட்ட மருந்து எவ்வளவு, அதில் எவ்வளவு அவள் மூச்சில் கலந்தது என்பதை அளக்க வழி எதுவும் இருக்கவில்லை. அவளை மீட்கும் முயற்சியில் வாயில் புகட்டப்பட்ட நீரும் பிராந்தியுமே மூச்சடைப்புக்குக் காரணம் என்று சிம்ப்சன் வாதிட, மருந்தின் அளவு மிகுந்ததே காரணம் என்று லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ கூறினார். நகம் எடுக்கும் சிகிச்சையால் யாரும் இறப்பதில்லை. ஆகவே மயக்கமே உயிரைப் பறிக்கக்கூடும் என்ற உண்மையை மருத்துவ உலகம் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

காலரா நீரின் வழியே பரவுகிறது என்பதை நிறுவியவராக இன்று அறியப்படும் ஸ்னோ, மயக்க மருத்துவத்தை அறிவியலாக்கிய முன்னோடியும் ஆவார். வெப்பநிலை மாறினால் காற்றில் கலக்கும் ஈதர் ஆவியின் அளவும் மாறும் என்பதைக் கணக்கிட்ட அவர், ஈதர்க் கலத்தை நீர்த்தொட்டிக்குள் அமைத்து, அதன் வெப்பத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும் கருவியை உருவாக்கினார். மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்குமான அறிகுறிகளை 1847-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1853 ஏப்ரலில் விக்டோரியா அரசியின் பேறுகாலத்தில் அவர் குளோரோஃபார்மைக் கைக்குட்டையில் சிறுசிறு அளவாக 53 நிமிடங்கள் கொடுத்தபோது, அரசி முழுமையாக நினைவிழக்காமலேயே வலி தணிந்தது. நினைவிழப்பும் வலிநீக்கமும் தனித்தனியாக அடையக்கூடியவை என்பதற்கு அது ஒரு தெளிவான சான்று.

குளோரோஃபார்ம் எவ்வாறு கொல்கிறது என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சிகளுள் முக்கியமான ஒன்று ஹைதராபாத்தில் நடந்தது. அங்கே மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி, நோயாளியின் மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்ற எடின்பரோ மரபில் வந்தவர். நாடியையும் கவனிக்க வேண்டும் என்பது லண்டன் மருத்துவர்களின் நிலைப்பாடு. நிஜாமின் பொருளுதவியுடன் 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனைகள் நடத்தப்பட்டன. இரண்டாவது குழுவுக்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற மருந்தியல் அறிஞர் வந்து சேர்ந்தார். மூச்சு நின்ற பின்னரே இதயம் நிற்கிறது என்று அக்குழுக்கள் முடிவு கூறின. ஆனால் மயக்கம் ஆழமாக இல்லாத நிலையிலும் குளோரோஃபார்ம் இதயத்தின் கீழறைகளை ஒழுங்கற்றுத் துடிதுடிக்கச் செய்து திடீரென நிறுத்திவிடக்கூடும் என்பதை குட்மன் லெவி 1911-இல் நிறுவியபோது அந்த முடிவு வீழ்ந்தது. மூச்சு, இதயம் ஆகிய இரண்டையும் இடைவிடாமல் கவனிப்பதே மயக்கம் கொடுப்பவரின் கடமை என்பது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்த விவாதத்தின் பயன்.

அந்தக் கடமைக்கு எழுத்து வடிவம் தந்தவர்கள் ஹார்வர்ட் மருத்துவ மாணவர்களாக இருந்த ஹார்வி குஷிங்கும் எர்னஸ்ட் காட்மனும். ஈதர் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் நாடியையும் மூச்சையும் அறுவை நடக்கும்போதே தாளில் குறித்துவைக்கும் வழக்கத்தை அவர்கள் 1890-களின் நடுவில் தொடங்கினர். 1901-இல் இத்தாலி சென்ற குஷிங், அங்கே கண்ட இரத்த அழுத்தமானியைக் கொண்டுவந்து அந்த அளவையும் இவற்றோடு சேர்த்தார். இன்று ஒவ்வொரு அறுவையிலும் நிரப்பப்படும் மயக்கப் பதிவேட்டின் மூலவடிவம் அதுவே.

நோயாளியை உறங்கவைக்காமலே உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியும் இதற்கிடையில் திறந்தது. வியன்னாவின் கார்ல் கோலர் 1884-இல் கொகெய்ன் கரைசலைக் கண்ணில் சொட்டுகளாக விட்டு வலியின்றி அறுவை செய்ய முடியும் என்று காட்டினார். ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் 1898-இல் அதே மருந்தை முதுகுத் தண்டைச் சூழ்ந்த நீரில் செலுத்தி, இன்று மகப்பேறு அறுவைகளில் பரவலாகக் கையாளப்படும் தண்டுவட மயக்கத்துக்கு வழி வகுத்தார்.

ஈதரும் குளோரோஃபார்மும் தசைகளைத் தளர்த்தின என்றாலும், வயிற்று அறுவைக்குத் தேவையான அளவு தளர்ச்சி வேண்டுமானால் உயிருக்கு ஆபத்தான ஆழம்வரை நோயாளியை மயக்க வேண்டியிருந்தது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவிவந்த குராரே நஞ்சின் தூய்மைப்படுத்தப்பட்ட சாற்றைக் குடல்வால் அறுவை ஒன்றில் செலுத்தினர். மயக்கத்தை மேலும் ஆழப்படுத்தாமலே வயிற்றுத் தசைகள் தளர்ந்தன. இதைத் தொடர்ந்து லிவர்பூலில் செசில் கிரேயும் அவருடைய சகாக்களும், உறக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒன்று, தளர்ச்சிக்கு ஒன்று என்று மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தேவைக்கு ஏற்பக் குறைந்த அளவில் கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். ‘சமநிலை மயக்கம்’ எனப்படும் இந்தக் கோட்பாடே இன்றைய நடைமுறையின் அடித்தளம்.

தளர்ச்சி மருந்து மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்வதால், நோயாளிக்காக மூச்சு விடும் பொறுப்பு மருத்துவரின் கைக்கு வந்தது. அதன் கனத்தை 1954-இல் வெளிவந்த பீச்சர், டாட் ஆகியோரின் ஆய்வு உணர்த்தியது: பத்து அமெரிக்க மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் நோயாளிகளை ஆராய்ந்த அவர்கள், தளர்ச்சி மருந்து பெற்றவர்களிடையே மயக்கம் சார்ந்த மரணங்கள் பன்மடங்கு மிகுந்திருந்ததைக் கண்டனர். அதே பொறுப்பு அறுவை அரங்குக்கு வெளியிலும் உயிர்களைக் காத்தது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் இரவுபகலாக முறைவைத்து அந்தப் பைகளை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றியது இந்த முயற்சியிலிருந்துதான்.

ஆயினும் நோயாளியின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உதடும் நகமும் நீலம் பாய்வதைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. நீலம் தெரியும்போது அளவு ஏற்கெனவே ஆபத்தான எல்லைக்கு இறங்கியிருக்கும். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974-இல் முன்வைத்த வழிமுறை இந்த இடைவெளியை அடைத்தது. உடலின் மெல்லிய பகுதி ஒன்றின் ஊடே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிப்பதே அந்த வழிமுறை. மயக்க மருத்துவர் நோயாளியை விட்டு அகலக் கூடாது, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் குறைந்தது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பன போன்ற நெறிகளை ஹார்வர்ட் மருத்துவமனைகள் 1986-இல் வெளியிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், ஆக்சிஜன் அளவி நோயாளிக்குப் பொருத்தப்பட்டு இயங்குகிறதா என்பதும் ஒரு கேள்வி.

மயக்க மருத்துவத்தை உறக்கம் தரும் கலையாக மட்டும் மதிப்பிடுவது பெரும் பிழை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. உறக்கம் தரும் மருந்து 1846-லேயே கிடைத்துவிட்டது. அந்த உறக்கத்தில், தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒருவரைக் காப்பது எப்படி என்பதைக் கற்கவே நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. பாதுகாப்பான அறுவையும் மயக்க மருத்துவமும் உலகில் 500 கோடி மக்களுக்கு எட்டவில்லை என்று லான்செட் ஆய்வுக்குழு 2015-இல் கணக்கிட்டது. மருந்துக் குப்பிகளை மட்டும் அனுப்பி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. அறுவை தொடங்கி முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் நிற்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும், அவர் நம்பக்கூடிய கருவிகளும் ஒவ்வொரு சிற்றூர் மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும்.