பசை

பசை என்றதும் ஒட்டும் பொருள்தான் நினைவுக்கு வரும். அகராதியில் ஈரம், அன்பு, செல்வம் ஆகிய பொருள்களும் உண்டு. ‘பசையுள்ள ஆள்’ என்றால் பணக்காரர். ‘ஈரப்பசை’ என்றால் நீர்ப்பதம். ‘பசைதல்’ என்ற பழைய வினைச்சொல் அன்பால் பிணைவதையும் குறித்தது. ஒட்டும் பசைகளில் பிசின் மரத்தில் வடிவது. தச்சர் காய்ச்சும் வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. கோந்து வடக்கிலிருந்து வந்த சொல்.

இன்று ‘பசை’ என்ற சொல் சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளும் போய்விட்டது. பார்க்க ஒரே தாள். உண்மையில் அச்சிட்ட பிளாஸ்டிக் ஃபிலிமும் அலுமினியப் பூச்சுள்ள ஃபிலிமும் ஒட்டிய அடுக்கு. இந்த வேலைக்குப் பெயர் லேமினேஷன். லத்தீனில் ‘லாமினா’ என்றால் மெல்லிய தகடு. நடுவில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பசை. இதன் வேதியியலுக்கு 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் வழி திறந்தார்கள். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களையும் கலந்தால் வினை தொடங்கிவிடும். கரைப்பான் சேர்க்காத வகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் போதும், நம்பச் சிரமம்தான். ஒட்டிய ஃபிலிம் உருளையை உடனே வெட்ட முடியாது. பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஈரத்தையும் குறிக்கும் பெயர் கொண்ட இப்பொருளுக்கு ஈரம் ஆகாது. காற்றின் ஈரம் மிஞ்சினால் ஐசோசயனேட் அதனோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். ஃபிலிம்களுக்கிடையே குமிழிகள் தோன்றும்.