பீட்டர் கோவர் என்கிற கிரேக்கர் - ஃப்ரீமேசன்களும் சில பெயர்ப் பிழைகளும்

வரலாற்றுக்குள் போவதற்கு முன் கொஞ்சம் சொந்தக் கதை, சோகக் கதை.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயரின் கடைசியில் இருக்க வேண்டிய 'வேல்', 'வால்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் மாறியது ஒரே ஒரு எழுத்துதான். முருகன் கையில் இருந்தது ஆஞ்சநேயருக்குப் பின்னால் போய்விட்டது :-) அன்றிலிருந்து வகுப்பில் நான் 'வால்'. இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

ஆனால் அந்த எழுத்தைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். நாலாவது முறை கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "வால்னே இருக்கட்டுமே தம்பி, என்ன கெட்டுப்போச்சு" என்று சிரித்தார். அன்றைக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே... அதே பிழை, அதே கிண்டல். நண்பன் சொன்னால் இனிக்கிறது, அவர் சொன்னால் குத்துகிறது. ஏன்?

இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஃப்ரீமேசன்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஃப்ரீமேசன் என்றதும் பலருக்கு ரகசியச் சதி, உலகை ஆட்டிப்படைக்கும் கூட்டம் என்றெல்லாம்தான் நினைவு வரும். அந்த மசாலாவெல்லாம் இந்தக் கட்டுரையில் கிடையாது. மேசன் என்றால் கல்தச்சர், கொத்தனார். இடைக்காலத்தில் பிரிட்டனில் கோயிலும் கோட்டையும் கட்டிய கல்தச்சர்களின் சங்க வழக்கங்களிலிருந்து வளர்ந்தது இந்த அமைப்பு. பதினேழாம் நூற்றாண்டில் உளியே பிடித்திராத கனவான்களும் இதில் சேர ஆரம்பித்தார்கள். அவர்கள் கூடும் சபைக்குப் பெயர் லாட்ஜ். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாப்பாடும் சத்திரமும் இந்தக் கதையிலும் உண்டு.

முதலில் பிழைகள். கல்தச்சர்களிடம் தங்கள் தொழிலின் பழம்பெருமையைச் சொல்லும் கையெழுத்துச் சுவடிகள் இருந்தன. புதிதாக ஒருவர் சேரும்போது அதை வாசித்துக் காட்டுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்றும் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று எழுதிக்கொண்டே போனவை. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான் அங்கேயும் நடந்தது.

சாலமோன் மன்னனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியில் ஐனோன், இன்னொன்றில் ஐமோன், மற்றொன்றில் அமோன். அடுத்து நேமஸ் கிரேக்கஸ் என்று ஒரு ஆள் வருகிறார். இவர் சாலமோனின் ஆலய வேலையில் இருந்தாராம். அப்புறம் பிரான்சுக்குப் போய் சார்லஸ் மார்ட்டலுக்குத் தச்சுக்கலை கற்றுக்கொடுத்தாராம். சார்லஸ் மார்ட்டல் இறந்தது கி.பி. 741இல். சாலமோனின் காலமோ கி.மு. பத்தாம் நூற்றாண்டு என்பார்கள். அப்படியானால் நேமஸ் ஐயாவுக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கு மேல்! வயதுதான் இப்படி என்றால் பெயரும் பிரதிக்குப் பிரதி வேறு. கிரேக்கஸ் என்றால் 'கிரேக்கர்' என்பது மட்டும் புரிகிறது. நேமஸ் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் தச்சர்களோ இதைப் பயபக்தியோடு கேட்டுவிட்டு மறுநாள் கல் உடைக்கப் போனார்கள்.

இந்தப் பிழைகளை வைத்து யாரோ ஒரு குறும்புக்காரர் பின்னாளில் பெரிய விளையாட்டே விளையாடினார். 1753இல் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' பத்திரிகையில் ஒரு பழைய ஆவணம் வெளியானது. ஆறாம் ஹென்றி மன்னர் கைப்பட எழுதிய மேசன்களைப் பற்றிய கேள்வி பதில், அதற்குத் தத்துவ மேதை ஜான் லாக் எழுதிய விளக்கக் குறிப்புகள் என்று தடபுடலான அறிமுகம். மேசன் கலையைக் கிழக்கிலிருந்து மேற்குக்குக் கொண்டுவந்தவர்கள் 'வெனிஸ்காரர்கள்' என்கிறது அந்த ஆவணம். அது இங்கிலாந்துக்கு வரக் காரணமானவர் 'பீட்டர் கோவர்' என்கிற கிரேக்கராம்.

பீட்டர் கோவரா? சுத்தமான ஆங்கிலேயப் பெயராயிற்றே, இவர் எப்படி கிரேக்கர் ஆனார்? 'லாக்' குறிப்பில் விளக்குகிறார். பித்தாகரஸ்! பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் 'பித்தகோர்' என்பார்கள். அதைக் காதால் கேட்ட ஆங்கிலேயன் 'பீட்டர் கோவர்' என்று எழுதிவிட்டான். அதேபோல வெனிஸ்காரர்கள் என்பது ஃபினீஷியர்கள். செங்கோண முக்கோணத்துக்குத் தேற்றம் சொன்ன மகான், பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மாதிரி ஆகிவிட்டார் :-)

மேசன்கள் இதை மகிழ்ச்சியாக நம்பினார்கள். தங்கள் புத்தகங்களில் எடுத்துப் போட்டார்கள். உண்மையில் ஆவணம், லாக் குறிப்பு எல்லாமே கட்டுக்கதை என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. எனக்கு இதில் பிடித்தது அந்தக் குறும்புக்காரரின் கணக்கு. எழுத்துப்பிழை நிறைய இருந்தால் ஆவணம் பழசாகத் தெரியும், தப்புத் தப்பாகப் பெயர் எழுதுவது மேசன்களின் பரம்பரைச் சொத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிழையே நம்பகத்தன்மைக்குச் சான்றிதழ் ஆகிவிட்டது!

சரி, இப்போது நிஜ மனிதர்களிடம் வருவோம். எலியாஸ் ஆஷ்மோல் என்று ஒருவர். ஆக்ஸ்போர்டில் 1683இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. இவருடைய நாட்குறிப்பு ஒரு சுவாரஸ்யமான சமாச்சாரம். ஜுரம், கீல்வாதம், விருந்து என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். 1681இல் ஒருநாள் குளிர் ஜுரம் போவதற்காக மூன்று சிலந்திகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாராம். ஜுரம் போய்விட்டது என்று கடவுளுக்கு நன்றி வேறு சொல்கிறார். (நானாக இருந்தால் சிலந்தியைப் பார்த்ததுமே ஜுரம் ஏறியிருக்கும்.)

அதே நாட்குறிப்பில் 1646 அக்டோபர் 16ஆம் தேதி, வாரிங்டன் என்ற ஊரில் தான் ஃப்ரீமேசன் ஆக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். கூடவே சேர்ந்தவர் கர்னல் ஹென்றி மெயின்வாரிங், ஆஷ்மோலின் காலஞ்சென்ற முதல் மனைவிக்கு உறவினர். அந்தக் கர்னலின் ஊர் கெர்மிஞ்சம். ஆஷ்மோல் எழுதியது 'கரிஞ்சம்'. அட, ஊர்ப் பெயரிலேயே ஒரு பிழை!

அது ஒன்றுமே இல்லை. மெயின்வாரிங் என்று எழுதுவார்கள், 'மேனரிங்' என்று உச்சரிப்பார்கள். வில்லியம் டக்டேல் என்ற அறிஞர் அந்தக் குடும்பத்தின் பழைய பத்திரங்களில் அந்தப் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாராம். 131 விதம்! ஒரே குடும்பம், ஒரே பெயர். இந்த டக்டேலின் மகளைத்தான் ஆஷ்மோல் 1668இல் மூன்றாவதாகத் திருமணம் செய்துகொண்டார். ஆக மாமனார் எண்ணிய பிழைகளின் சொந்தக்காரர், மருமகனின் முதல் மனைவி வீட்டு உறவு. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இது பேச்சாக ஓடியிருக்காதா என்ன?

இதில் சிரிப்புக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. 1646 என்பது இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த வருடம். ஆஷ்மோல் மன்னர் கட்சி. வூஸ்டர் நகரில் மன்னருக்காகப் பணியாற்றினார், அந்த நகரம் ஜூலையில் சரணடைந்தது. மெயின்வாரிங் எதிர்த்தரப்பான நாடாளுமன்றப் படையில் கர்னல். போன வருடம் எதிரெதிரே நின்றவர்கள், மூன்றே மாதத்தில் ஒரே அறையில் ஒரே உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். தோற்றவர் ஜெயித்தவரின் பெயரை நாட்குறிப்பில் எழுதுகிறார், பகை தொனிக்கும் ஒரு வார்த்தை இல்லை.

அதன் பிறகு பல வருடங்கள் மேசன் சமாச்சாரமே நாட்குறிப்பில் இல்லை. 1682 மார்ச்சில் லண்டன் மேசன் மண்டபத்துக்கு அழைப்பு வருகிறது. போகிறார். அங்கே இருந்தவர்களில் தான்தான் மூத்தவர், சேர்ந்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்று எழுதுகிறார். அன்று எல்லோரும் சீப்சைடில் இருந்த 'அரை நிலா' சத்திரத்தில் விருந்து சாப்பிட்டார்கள். செலவு புதிதாகச் சேர்ந்தவர்களுடையது. ஹாஸ்டலில் புது ஜூனியர்கள் தலையில் டிரீட் கட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? :-)

இன்னொருவர் சர் ராபர்ட் மொரே. 'மரே' என்றும் எழுதுவார்கள். ஸ்காட்லாந்துப் படையோடு நியூகாசில் வந்தபோது, 1641 மே 20 அன்று மேசன் ஆனவர். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1657இல் நாட்டை விட்டு வெளியேறி மாஸ்ட்ரிக்ட்டில் இருந்தபோது, பிரேமனில் காய்ச்சலோடு கிடந்த நண்பர் அலெக்சாண்டர் புரூஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். மருந்து, கடிகாரம், நிலக்கரிச் சுரங்கம், இசை, நடுவில் கேலி. படுத்துக்கிடக்கும் நண்பனைச் சிரிக்க வைப்பதுதான் நோக்கம்.

அந்தக் கடிதங்களில் மொரே தன் மேசன் குறியையும் விளக்குகிறார். கல்தச்சர்கள் தாங்கள் செதுக்கிய கல்லில் பெயருக்குப் பதிலாக ஒரு குறி போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போடலாம், அதில் எழுத்துப்பிழையே வராது! மொரேயின் குறி ஐந்து முனை நட்சத்திரம். முனைக்கு ஒரு எழுத்தாக, அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதில் பொருத்தினார்.

1723இல் லண்டன் மேசன்களின் விதிநூல் அச்சானபோது இந்த வழக்கமெல்லாம் விதியாகவே வந்துவிட்டது. லாட்ஜில் மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது. கூட்டம் முடிந்தபின் சிரித்துப் பேசிச் சாப்பிடலாம். ஆனால் யாரையும் அளவுக்கு மேல் உண்ணவோ குடிக்கவோ வற்புறுத்தக் கூடாது, போக வேண்டியவரைப் போகவிடாமல் தடுக்கவும் கூடாது. எவ்வளவு நல்ல விதி பாருங்கள்!

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் நம் ஊரில் நடந்தது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

1770களில் ஆற்காடு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசன் ஆனார். செய்தி லண்டனுக்குப் போனது. அங்கே பதிவான பெயர் 'ஓம்டிட்-உல்-ஓம்ரா பகாடர்'. ஊர் 'டிரிச்சினோபொலி'. பிரபுக்களின் தூண் என்று பொருள்படும் பட்டம், அந்த எழுத்தில் ஏதோ மருந்துப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. லண்டன் தலைமை லாட்ஜ் வாழ்த்துக் கடிதமும், அலங்கரித்த மேசன் ஏப்ரனும், நேர்த்தியாக பைண்டு செய்த விதிநூலும் அனுப்பியது. பாரசீகத்தில் எழுதி, பொன்சரிகைத் துணியில் வைத்து அவர் அனுப்பிய பதில் 1780இல் போய்ச் சேர்ந்தது. சகோதரர்கள் மகிழ்ந்தார்கள்.

1795இல் அவர் நவாப் ஆனார். 1801 ஜூலையில் இறந்தார். கம்பெனி என்ன செய்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, இவரும் இவர் தந்தையும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்டியது. அவர் மகனை ஒதுக்கியது. வேறொரு உறவினரைப் பெயருக்கு நவாப் ஆக்கி, அந்த மாதமே கர்நாடக ராஜ்ஜியத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. லாட்ஜ் வேறு, கம்பெனி வேறுதான். ஆனாலும் 'சகோதரர்' என்ற சொல்லும் அந்த ஏப்ரனும் அன்றைக்கு அவர் குடும்பத்துக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

மெயின்வாரிங்கின் பெயரை 131 விதமாக எழுதினாலும் அவருடைய நிலம் அவரிடம்தான் இருந்தது. ஆஷ்மோலின் பெயரை அவர் திருப்பித் தப்பாக எழுதலாம், இருவரும் சிரிக்கலாம். நவாப் மகனின் பெயரும் தப்பாக எழுதப்பட்டது. அதைத் திருத்தச் சொல்லும் இடத்திலோ, பதிலுக்குக் கிண்டல் செய்யும் இடத்திலோ அவர் இல்லை.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் 'வால்' என்றால், நானும் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், கணக்கு நேராகிவிடும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்தால் நான் திருப்பிச் சிரிக்க முடியாது, என் தாள் அவர் கையில் இருக்கிறது.

திருத்தம் ஒருவழியாக ஐந்தாவது முறை கிடைத்துவிட்டது. தாளில் இப்போது 'வேல்'. வகுப்பில் மட்டும் இன்னும் 'வால்'தான். அதைத் திருத்த மனு போடும் எண்ணம் எனக்கு இல்லை :-)