தோட்டாவும் அறையும்: துப்பாக்கியின் பொருத்தச் சிக்கல் – ஒரு வரலாறு

துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம் 'அறை' எனப்படும். தோட்டா அறையைவிடச் சற்றுப் பெரிதானால் உள்ளே போகாது. மிகவும் சிறிதானால் சுடும்போது உறை பிளந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் பாயக்கூடும். இறுக்கமான பொருத்தம் குறியைக் காக்கும். தளர்வான பொருத்தம் தடையின்றி இயங்க உதவும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதே துப்பாக்கி தோன்றிய நாள்முதல் உள்ள சிக்கல்.

பாளையக்காரர் காலம்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலையில் உள்ளது விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர் இது. ஆங்கிலேயரை எதிர்த்த அவர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அக்காலத் துப்பாக்கிகளில் தனி அறை கிடையாது. மருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும். உள்ளூர்க் கொல்லர்கள் செய்த திரித்துப்பாக்கிகளின் குழல்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றின் குண்டு மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கும்பினிப் படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம், குண்டோ சுமார் 0.69 அங்குலம். வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி இது. குழலில் கரி படிந்தாலும் குண்டு எளிதில் இறங்கும். பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தது. ஆனால் நூறு கெஜத்தைத் தாண்டினால் குறி நிச்சயமில்லை.

1857: இறுக்கம் தந்த விளைவு

குறி தப்பாதிருக்க, 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியில் இடைவெளி மிகவும் குறைக்கப்பட்டது. குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். குண்டைச் சுற்றிக் காகிதமும் இருந்ததால், கொழுப்பு தடவாமல் அது இறங்காது. அந்தக் கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி 1857 ஜனவரியில் டம்டம் படைமுகாமில் பரவியது. சிப்பாய்களின் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் அதைப் பற்றவைத்த பொறிகளுள் ஒன்று இந்தத் தோட்டா. பின்னர் குண்டின் அளவே 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. சுடும்போது ஈயம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டதால் குறியும் கெடவில்லை.

உலோகத் தோட்டா

அடுத்து, பின்பக்கமாகத் தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்தன, 'அறை' பிறந்தது. பித்தளை உறை சுடும்போது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். பின்பு சற்றுச் சுருங்கி வெளியே வரும். மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் முதல் தோட்டாக்கள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டவை. 1884-85 சூடான் போரில் அவை அறைக்குள் சிக்கின. அதன்பின் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டிப் பித்தளை உறைக்குப் பிரிட்டன் மாறியது.

முதல் உலகப் போரில் இதே பாடம் மீண்டும் வந்தது. கனடாவின் ராஸ் துப்பாக்கி குறிக்குப் பெயர் பெற்றது. அதன் அறை இறுக்கமானது. 1915இல் ஈப்ரே போர்க்களத்தில், அளவில் சற்றுப் பருத்த பிரிட்டானியத் தோட்டாக்கள் அதில் மாட்டிக்கொண்டன. வீரர்கள் பூட்டுத்தண்டைக் காலால் உதைத்துத் திறக்க நேர்ந்தது. 1916இல் அத்துப்பாக்கிக்குப் பதிலாகத் தாராளமான அறை கொண்ட லீ-என்ஃபீல்டு தரப்பட்டது.

கைத்துப்பாக்கி

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் கைத்துப்பாக்கி. இவ்வகையில் ஒவ்வொரு முறையும் அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுவது சுருள்வில். மாட்டிக்கொண்டால் அழுத்திப் பார்க்கக் கை அருகில் இல்லை. சுழல்துப்பாக்கித் தோட்டாவை அதன் அடிவிளிம்பு தடுத்து நிறுத்தும். 1902இல் வந்த 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டாவுக்கு அப்படித் துருத்திய விளிம்பு இல்லை. உறையின் வாயே அறையின் படியில் முட்டி நிற்கிறது. ஆகவே உறையின் நீளமும் வாயின் வடிவும் துல்லியமாக இருக்க வேண்டும்.

அமெரிக்கா முதலிய நாடுகளில் விளையாட்டு வீரர்கள் சுட்ட உறையை மீண்டும் கையால் நிரப்புகின்றனர். அவர்கள் சந்திக்கும் குறைகள் பெரும்பாலும் நான்கு:

• விரிந்த உறை, குறிப்பாக அடிப்பகுதி, பழைய அளவுக்குத் திரும்பாதது.
• குண்டை நுழைக்க அகட்டிய உறைவாய் நேராக்கப்படாதது.
• குண்டு அதிகம் வெளியே நீண்டு குழலின் வரிகளைத் தொடுவது.
• உறையே அளவுக்கு மீறி நீண்டிருப்பது.

நான்கும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும்: தோட்டா முழுமையாக அமராது. தோட்டாவில் மை பூசி அளவுக்குழாயில் இட்டு எடுத்தால், மை அழிந்த இடம் காரணத்தைக் காட்டும். அமராததை வலிந்து தள்ளுவதே விபத்துக்கு வழி.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். திருச்சியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை போன்ற இடங்களில் துப்பாக்கியின் ஒவ்வொரு அறையும் அளவுக்கருவியால் சோதிக்கப்படுகிறது. விருப்பாச்சிக் காலத்தில் கொல்லரின் கண்ணும் கையும் பார்த்த வேலையை இன்று பார்ப்பது அந்தக் கருவிதான்.